வேலம்மா கொடுத்த நற்சான்று

மயிலாப்பூர்,
12-8-1996

சௌபாக்கியவதி மதுவந்திக்கு, பெற்றவனாக இல்லாவிட்டாலும் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பாவின் ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் சித்தி ஜானுவும் வீட்டுக் கொசுக்கள் மூன்று கோடியும் சௌக்கியம், நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி.

உன் வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் நாற்பது விதம், எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். பாரத தேசத்தின் மகா வாத்தியாரான நான் பட்ட அவமானத்தைக் கேள். ஓய்வு பெற்ற தெம்பில் கால்வாய்க் கரைக் குடிசைப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனேன் அல்லவா, முதல் நாள் நம் ஆத்து வழக்கப்படி தட்டில் அரிசியைப் பரப்பி அதில் ‘அ’ எழுதச் சொன்னேன். ஐம்பது வயது வேலம்மா, இன்னா வாத்தியாரே அரிசிய வெச்சி வெள்ளாடிக்கினு கீற, உலைல போட்டா நாலு பேரு துன்னலாமே என்றாள். கரையே சிரித்தது, கால்வாய்த் தண்ணீர்கூட நின்று சிரித்துவிட்டுத்தான் போயிற்று. உனக்கு என்னதான் படிக்க வேண்டும் என்று அப்புறம்தான் கேட்டேன். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஆளெண்ணிக்கை என்று சொல்லி ஓர் அதிகாரி கொடுத்தது, இரண்டு மாதத்தில் வந்து கைநாட்டு வாங்குவாராம். குடிசையைக் காலி செய்ய முழு மனதுடன் சம்மதிக்கிறேன் என்று அதில் இருந்தது. உரக்கப் படித்துக் காட்டினேன். அவரும் படிச்சித்தான் காட்னாரு, நீ படிக்கிறது மட்டும் மெய்யின்னு நா எப்பிடி நம்பறது என்றாளே பார்க்கலாம். முப்பது வருஷ சர்வீஸில் என்னை யாரும் இப்படி எடைபோட்டதில்லை. சித்தியிடம் சொன்னால், அவ கேட்டது நியாயம்தானே, ஆத்துல உக்காந்துண்டு ஏன் பொருமறேள் என்கிறாள்.

பாடப் புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு அந்த ஒரு தாளையே பாடமாக வைத்தேன். ‘காலி’ என்ற சொல் மட்டும் நாலு நாள் எடுத்தது. போன வியாழன் அதிகாரி மைப்பெட்டியுடன் வந்தார். வேலம்மா விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள், ஒரு யுகம் ஆயிற்று, அவர் மூன்று முறை கடிகாரம் பார்த்தார். ‘முழு மனதுடன்’ வந்ததும் நிறுத்தி, இது யாரு மன்சு சார் என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பின்னால் நின்ற யாரும் கட்டை விரலை நீட்டவில்லை. அடுத்த திங்கட்கிழமை மேலதிகாரியோடு வருகிறாராம், என்ன ஆகுமோ தெரியாது. அவர் போனதும் என் பக்கம் திரும்பி, நீ பொய் சொல்லல நைனா என்றாள். எனக்கு வந்த பட்டங்களில் இதுதான் பெரிது.

தீர்க்காயுசாக இரு. நாற்பது பேரையும் முதலில் கேள், அப்புறம் சாக்பீஸைத் தொடு. மாப்பிள்ளைக்கு இருமல் எப்படி என்று மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
அரிசித் தட்டோடு திரும்பி வந்த
கிச்சா சித்தப்பா