முழங்கால் குளிசை

மல்வேர்ன், ரொறன்ரோ

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட முழங்கால் நோ எப்பிடி? நான் சுகம்.

நான் அனுப்பின மூலிகைக் குளிசையை இனித் தொடாதேங்கோ. உங்களைத் தெரியாதோ, பக்கத்து வீட்டு றீற்றா அன்ரிக்கும் அரைவாசி குடுத்திருப்பியள். அதையும் திருப்பி வாங்குங்கோ. லேபிளில போடாத மருந்தொண்டு அதில கலந்திருக்காம். நானும் விழுங்கினதில ஈரல் வீங்கி, கொஞ்சநாள் ஆஸ்பத்திரியில இருந்தன். பயப்பிடாதேங்கோ, இப்ப பரவாயில்லை. வெயர்ஹவுஸ் வேலைதான் போயிட்டுது.

வித்த அமெரிக்கக் கொம்பனிக்காரர் கூட்டுச் சேர்ந்து ஏமாத்தினவை எண்டு லோயர் வழக்குப் போடுறார். இது ஏமாத்து வழக்கெண்டபடியால், வேலை போனதால இழந்த சம்பளத்தை மட்டும்தான் கேக்கலாமாம். உடம்பு நோவை இந்த வழக்கில கதைக்கேலாதாம்.

குளிசைப் போத்தலை எறியாதேங்கோ, சாட்சிக்கு வேணும். பஸ் வருது, லோயரிட்டப் போகோணும்.

ஞாயிற்றுக்கிழமை கோல் எடுங்கோ அம்மா. நோகுதோ எண்டு நீங்களாவது கேளுங்கோ.

உங்கட மகன்,
நிசாந்தன்