விடுதியில் நான் எடுத்த தட்டுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தோம், அப்பாவுக்கு மட்டும் மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கினாலே எங்களுக்குப் போதும். கடற்கரை எப்படி இருந்தது என்று நீ கேட்டபோது அப்பா போனைப் பிடுங்கி, பெரிசா இருந்துச்சு என்று சொல்லி வைத்துவிட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், பேச்சிலும் நிறுத்தமில்லாத இடத்தில் நிற்கமாட்டார். அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

நீ ஏற்பாடு செய்த விடுதி நல்ல விடுதிதான். ஜன்னலைத் திறந்தால் கடல், கட்டிலில் ஆறு தலையணை, இரண்டு பேருக்கு எதற்கு ஆறு என்று கடைசி வரை தெரியவில்லை. முதல் நாள் மதியம் சாப்பிட்டு எழுந்ததும் என் கை தானாகப் போய்த் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கரண்டிகளை மேலே வைத்து, மேசையையும் ஒரு துடைப்பு துடைத்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரி கேன்டீனில் செய்கிற வேலை, நாலு நாள் லீவு என்று கைக்கு யார் சொல்வது? மறுநாள் காலையிலும் அப்படியே செய்தேன். எங்கள் மேசைக்குப் பரிமாறியவளுக்கு நாற்பது வயதிருக்கும். கை கழுவும் இடத்துக்கு என் பின்னாலேயே வந்தாள். அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், தட்டை அப்படியே போட்டுட்டு எழுந்து போங்க என்றாள். வந்தவர்கள் தங்கள் தட்டைத் தாங்களே எடுத்தால் பரிமாறுகிறவள் தாமதம் என்று அர்த்தமாம், அவள் பெயருக்கு எதிரே ஒரு குறி விழுமாம், மூன்று விழுந்தால் வேலை இல்லையாம். ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சும்மா, நேத்து நீங்க ஒண்ணு, இன்னிக்கு நீங்க ஒண்ணு, நாளைக்கு என்னை அனுப்பிடுவாங்க என்றாள். அழக்கூட இல்லை. அழுதால் மை கலைந்து அதற்கும் ஒரு குறி விழும் போலிருக்கிறது.

நேரே சூப்பர்வைசரிடம் போனேன். இஸ்திரி போட்ட சிரிப்போடு ஒரு பையன். அவ மேல தப்பு இல்ல தம்பி, நானே கேன்டீன்ல தட்டு எடுக்கறவ, கைப்பழக்கம் என்றேன். ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் அவன் தரையைப் பார்த்தான். பிறகு, நீங்க ரொம்ப நல்லவங்க மேடம், அவங்களைக் காப்பாத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்ல வேண்டாம் என்றான். எவ்வளவு சொன்னாலும் நம்பவில்லை.

அப்பாவுக்கு வந்த கோபத்தில் என்னை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார். சிப்பி மாலை, சங்கு, தொப்பி, எங்கே பார்த்தாலும் தொப்பி. அப்பா ஒரு கோடு போட்ட சட்டை வாங்கினார், பொத்தான் வயிற்றைத் தாண்டி வர மறுக்கிறது. கடல் காத்து பட்டா துணி தானா தளரும்ணே என்று கடைக்காரி சொன்னதை நம்பிவிட்டார். நீ படித்துப் படித்துச் சொன்னாய் என்று உனக்கும் சிப்பி பதித்த ஒரு பெட்டி எடுத்தேன். திடீரென்று அப்பா, மருந்துக் கடை எங்கே என்று கேட்க ஆரம்பித்தார். தெருக்கோடியில் கண்டுபிடித்து, மணிக்கட்டுக்குச் சுற்றுகிற பட்டை ஒன்றை வாங்கி என் கையில் மாட்டினார். அதற்கும் பேரம் பேசினார், மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

மதியம் விடுதிக்குத் திரும்பியதும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, இவளுக்கு நரம்புக் கோளாறு தம்பி, வேளைக்குப் பத்துத் தட்டாவது தூக்கலைன்னா கை மரத்துப் போயிடும், பெரிய டாக்டர் சொல்லியிருக்கார் என்று இமைக்காமல் சொன்னார். பையன் பதறிவிட்டான். முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம் என்று என் கண்முன்னாலேயே அந்த இரண்டு குறியையும் கோடு போட்டு அடித்தான். உழைத்துப் பழகிய கை அவர்களுக்குப் புரியாது, நோய் வந்த கை உடனே புரிகிறது. இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது. வேடிக்கை என்னவென்றால், சாயங்காலத்திலிருந்து என் மேசையில் பத்துச் சுத்தமான தட்டுகளை அடுக்கி வைக்கச் சொல்லிவிட்டான். மீதி நாளெல்லாம் வேளைக்கு வேளை பத்துத் தட்டை அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே தூக்கினேன். நீ ஓய்வெடுக்க அனுப்பினாய். கடைசி நாள் அந்தப் பரிமாறுகிறவள் பக்கத்தில் வந்து, மேடம் இன்னிக்கு ரெண்டு தட்டு ஏமாத்திட்டீங்க, டாக்டர்கிட்ட போட்டுக் குடுக்கட்டுமா என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் வேலை பிழைத்தது.

கிளம்பும்போது கையெழுத்துப் போடக் காகிதம் நீட்டினார்கள். நீ அங்கிருந்தபடியே நிரப்பி அனுப்பியது. தொழில் என்ற இடத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று எனக்கு எழுதியிருந்தாய். அப்போதுதான் அந்தப் பையன் ஏன் நம்பவில்லை என்று புரிந்தது. அப்பாவுக்கு டிரைவர் என்று சரியாகத்தான் எழுதியிருந்தாய். அவர் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். எனக்கு உன்மேல் கோபம் இல்லை, உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் யார் வீட்டிலும் தட்டு எடுக்கிற அம்மா இருக்கமாட்டாள், தெரியும். ஆனால் நீ எழுதிய அந்த ஒரு வார்த்தையால் ஒருத்தி நாளைக்கு வேலை இல்லை என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நடுங்கினாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும். பல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. இனி எந்தக் காகிதத்தில் என் தொழிலைக் கேட்டாலும், கேன்டீனில் தட்டு எடுப்பவர் என்று எழுது. இடம் போதாவிட்டால் சின்ன எழுத்தில் எழுது.

உன் அம்மா