ஆட்டம் தொடங்கறதுக்குள்ள

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி எப்படி இருக்கு?

நம்ம கேம் கம்ப்யூட்டருக்குப் பத்து வயசாச்சு, நீ லீவுல வர்றதுக்குள்ள ப்ராசஸரையும் ஹார்ட் டிஸ்க்கையும் மாத்திடட்டுமான்னு கேட்டிருந்தீங்க. இப்ப வேண்டாம்ப்பா.

போன வாரம் ரூம்மேட்டோட புது கம்ப்யூட்டர்ல நம்ம கார் ரேஸை ஆடினேன். லோடாகட்டும்னு பழக்கதோஷத்துல அவ பக்கம் திரும்பிப் பேச ஆரம்பிச்சேன். அதுக்குள்ள ரேஸ் தொடங்கி, என் கார் சுவத்துல மோதி நின்னுச்சு. அவ விழுந்து விழுந்து சிரிச்சா.

நம்மளோடது லோடாக முழுசா ரெண்டு நிமிஷம் ஆகும். கணக்குல ஃபெயிலானது, உங்க ஸ்கூட்டரைக் கீழே போட்டது, இந்த நர்ஸ் வேலைக்கு அப்ளை பண்ணது, எல்லாத்தையும் திரையில லோடாகுற அந்தப் பச்சைக் கோடு நிரம்பப் போற சமயம் பார்த்துத்தானே சொன்னேன்? நீங்க திட்ட வாயெடுக்கறதுக்குள்ள ரேஸ் தொடங்கிடும். ஜெயிக்கிற மும்முரத்துல பாதிக் கோபம் போயிடும்.

அதனால ஃபேன்ல இருக்கற தூசியை மட்டும் பிரஷ்ஷால தட்டி வைங்க. உங்க நாற்காலிக்குப் பக்கத்துல இருக்கற என் நாற்காலியை நகர்த்தாதீங்க. மாத்தறதை நான் வந்ததும் சேர்ந்து முடிவு பண்ணலாம்.

அப்பா, இந்த வருஷமும் லீவு கிடைக்கல.

டியூட்டிக்கு வண்டி வந்துடுச்சு, ஓடறேன்.

உங்க மக