கீழ்ப் பாதி

ஜனவரி 12, 2025, ஞாயிறு

இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டிடம்தான். பிரியா தூங்கினால்தான் கை சும்மா இருக்கிறது.

சனிக்கிழமை விழுப்புரத்துக்கு அவள் அப்பாவிடம் போனவள் இன்று மாலை திரும்பினாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வழக்கம்போல் அவர் பையை நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். பேச்சு கிடையாது. பதினைந்து மாதமாக இப்படித்தான்.

பைக்குள் ஓர் அட்டை வளையம்.

"இது எதுக்குடி?"

"ராக்கெட்டுக்குமா. கீழ்ப் பாதி நீ, மேல் பாதி அப்பா. உன் பாதியில இந்த வளையம் ஏறி இறங்கணும். அப்பதான் அவரு பாதி மூடி மாதிரி வந்து உக்காரும்."

பிப்ரவரி 28 பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நிஜ ராக்கெட் நாற்பத்து நான்கு மீட்டர். பத்தில் ஒரு பங்கு என்றால் காகிதத்தில் பதினாலரை அடி. இந்த வாடகை வீட்டின் உயரமே பத்தடி. அதனால் ஆளுக்குப் பாதி. பத்து வயதுக்கு நல்ல யோசனைதான்.

அது முடிந்ததும் இன்னொன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பு விழுப்புரத்திலா, திண்டிவனத்திலா என்று பிள்ளையே சொல்லட்டும் என இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருக்கிறார்கள். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜனவரி 18, சனி

அவள் அங்கே. நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து, நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் ஒரு சுருள் வாங்கி வந்தேன். மைதாப் பசை காய்ச்சிக் குழாயாகச் சுற்றினேன். வளையத்தோடு அனுப்பியிருந்த ராக்கெட் படத்தின் ஓரத்தில் அவர் கையெழுத்து: நாலு சுற்று போதும்.

நாலு சுற்றினேன். தட்டிப் பார்த்தேன். போதுமா? பதினாலரை அடி. அடியில் பிள்ளைகள் நிற்பார்கள். மடங்கி அவள் தலையில் விழுந்தால்?

இன்னும் இரண்டு சுற்று.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள் நான். காகிதம் விழுந்து யாருக்கும் ஒன்றும் ஆகாது. தெரியும்.

ஜனவரி 19

வளையம் ஏறியது. கொஞ்சம் இறுக்கம். "சூப்பர்மா" என்றாள்.

ஜனவரி 25, சனி

போனில் அவள் குரல் கட்டியிருந்தது. ஆவி பிடிக்க வைத்தார்களோ என்னவோ. கேட்டால், இதே பேஜாரா போச்சு உன்னோட என்பார்கள். கேட்பதற்குப் பதில் இன்னும் மூன்று சுற்று.

பிப்ரவரி 1, சனி

மூன்று சுற்று.

"உன் பயத்துல புள்ளைக்கு மூச்சு முட்டுது புனிதா. பத்து நாள் உங்க அம்மா வீட்டுல இருந்துட்டு வா." நான் கிளம்பிய அன்று அவர் சொன்னது இவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. பத்து நாள்தான் சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, இங்கே வீடும் பிடித்து, பள்ளியிலும் சேர்த்தது நான்.

பிப்ரவரி 8, சனி

இரண்டு. பிரவுன் ஷீட் தீர்ந்தது.

பிப்ரவரி 9

"அம்மா, வளையம் ஏறல."

"நல்லா அழுத்துடி."

"அழுத்திக்கினுதான் இருக்கேன். என்னமா பண்ண நீ? குண்டாயிடுச்சு!"

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

பிப்ரவரி 11

உரித்துப் பார்த்தேன். காய்ந்த மைதா, மரம் மாதிரி. மேல் தாளோடு அடித் தாளும் கிழிந்து வந்தது. கிழிந்த இடம் பலவீனம் என்று அங்கே ஒரு துண்டு ஒட்டினேன். என்ன பொம்பள நான்!

பிப்ரவரி 16

"அப்பா கேட்டுக்கினு வரச் சொன்னாரு. எத்தன சுத்து சுத்தியிருக்க?"

"ஆறு."

"ஆறுதானா? அப்ப அவரு பாதிய அதுக்கேத்த மாதிரி கொஞ்சம் அகலமா பண்ணிடுவாராம். பயப்பட வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

பதினாலு. ஆறு என்று வாயில் வந்துவிட்டது. பதினாலு என்றால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறப்பார். அதைத்தான் தாங்க முடியாது.

பிப்ரவரி 22, சனி

பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். "ஏங்க" என்றேன். இத்தனை மாதத்தில் முதல் தடவை. திரும்பினார். "ஜல்தி ஏறுங்க சார், வண்டி எடுக்கணும்" என்று கண்டக்டர் விசில் அடித்தார். பிரியா ஜன்னலோரம் இடம் பிடித்துக் கை ஆட்டினாள். போன் இருக்கிறது. எண் இருக்கிறது. செய்யவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

குட்டி யானை வண்டியில் மேல் பாதியை ஏற்றிக்கொண்டு வந்தார், கூடவே அவர் அம்மா. வெள்ளை வெளேரென்று, விரல் அழுத்தினால் அமுங்காத வேலை. ஒரு கையால் தூக்கலாம். என்னுடையதைப் பள்ளி வாசலிலிருந்து உள்ளே கொண்டுபோக இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஏணியில் ஏறி மூடி மாதிரி இறக்கினார். உட்காரவில்லை. திருப்பி இறக்கினார். உட்காரவில்லை. பள்ளி ஹால் முழுக்கப் பிள்ளைகள். கவிதா மிஸ் என்னைப் பார்த்தார்.

இறங்கி வந்து என் பாதியின் விளிம்பை நகத்தால் புரட்டினார். உதடு அசைந்தது. எண்ணுகிறார். பதினாலில் நின்றது. கண்ணை மூடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

அத்தைதான் சொன்னார்: "புள்ளைக்கும் இப்படித்தான, சித்திரை வெயில்ல ரெண்டு ஸ்வெட்டர் போட்டு அனுப்புவா."

இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். நடுவர் வந்து, ஏன்மா தனித்தனியா இருக்கு என்று கேட்டார்.

பிரியா ஒரு நொடி யோசிக்கவில்லை. "இது பிரியற நேரம் சார். மேல இருக்கறது போய்க்கினே இருக்கும். கீழ இருக்கறது வேலை முடிஞ்சி கடல்ல விழுந்துடும்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மார்ச் 3, திங்கள்

தலை பின்னிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். முகம் தெரியக்கூடாது என்றே அந்த நேரம் பார்த்துச் சொன்னாள் போல.

"அம்மா, நான் ஜூன்ல அப்பாகிட்ட போறேன்."

பின்னிக்கொண்டே இருந்தேன்.

"அங்க நான் தனியா கடைக்கு போறேன்மா. பால் வாங்கியாரேன். ரோடு தாண்டறேன். உன்கிட்ட சொன்னா அனுப்பமாட்டன்னு சொல்லல."

"எத்தன நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியிலிருந்து. நீ அழுவறியா?"

இல்லை என்றேன். இரண்டாவது பின்னல் கோணலாகிவிட்டது. அவிழ்க்கவில்லை. அப்படியே ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு அனுப்பினேன்.

மார்ச் 7, வெள்ளி

இந்தப் பக்கத்தைக் கிழித்து நாளைக்கு அவள் பையில் வைத்துவிடுவேன்.

ஏங்க, ஆறு என்றது பொய். நீங்களே எண்ணிவிட்டீர்கள். இருந்தாலும் என் கையால் எழுதவேண்டும் என்று தோன்றியது.

ஜூனில் பிரியாவை அனுப்புகிறேன். யாரும் வந்து பேசவேண்டாம். அவளுக்கு எதெது ஒத்துக்கொள்ளாது, மழைக்காலத்தில் என்ன மருந்து, எந்தப் பக்கம் படுத்தால் இருமல் வரும் என்று ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். உங்களுக்குத் தெரியும்.

கேட்பது ஒன்றுதான். ஜூனுக்குப் பிறகு சனிக்கிழமை காலை நான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றால், அவளை என்னோடு அனுப்புவீர்களா? சரி, இல்லை, எதுவானாலும் சீக்கிரம் பதில் சொல்லுங்க.