மூவாயிரம் வயதில்லாத பாத்திரம்

இன்று எங்கள் உலோகப் பரிசோதனை லேபுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வால்வு சோதனைக்கு வந்தது. திரையில் துத்தநாகத்தின் அளவு ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, சிநேகிதி.

ஷார்ஜாவில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தச் சீன வெண்கலப் பாத்திரத்தை வாங்கினாய். மூன்று கால், இரண்டு காது, வயிற்றில் கண்ணை உருட்டி விழிக்கும் ஒரு முகம். மூவாயிரம் வருடத்துக்கு முன் முன்னோருக்குப் படையல் வைத்த பாத்திரம் என்று கடைக்காரர் சொன்னாராம். உனக்குக் கீமோ தொடங்கிய வாரம் அது. பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, "மூவாயிரம் வருஷம் தாங்கினது, எனக்கு ஒரு வருஷம் வாங்கித் தராதாடி?" என்றாய். பிறகு நீயே அதை என்னிடம் கொடுத்தனுப்பினாய். "உன் மிஷின்ல வச்சுப் பாரு. அப்பவாவது நம்புவே."

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை அஜ்மான் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். பாத்திரம் உன் மடியில்.

"மிஷின் என்ன சொல்லுச்சு?"

"அப்புறம் பேசலாம்."

"மழுப்பாதே. உனக்குப் பொய் சொல்ல வராது."

சொன்னேன். துத்தநாகம் அதிகம், அவ்வளவு பழைய வெண்கலத்தில் அது இருக்காது. அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் தோழியும் இது சில நூறு வருடங்களுக்கு முன் செய்த நகல் என்றாள். அசல்கள் அப்போது பெரும்பாலும் மண்ணுக்குள் கிடந்தன. அச்சுப் புத்தகத்துப் படத்தைப் பார்த்து வார்த்திருப்பார்களாம்.

அழுவாய் என்று பயந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அந்த முகத்தை விரலால் தடவினாய்.

"அசலைக் கண்ணால பாக்காமலேயா இப்படிப் பண்ணினான்?"

"ஆமாம்."

"எம்மாடி!" பாத்திரத்தை மடியில் நிமிர்த்தி வைத்தாய். "அப்ப வருஷம் கிருஷம் எல்லாம் கிடைக்காது. ஆனா இதை அலமாரியிலேர்ந்து எடுக்க மாட்டேன். பின்னாடி ஹார்ன் அடிக்கிறான் பாரு, போடி."

சோதனைக்கு வந்த சாமானாக இல்லாமல் நானும் அன்றுதான் அதைப் பார்த்தேன். தான் பார்த்தேயிராத ஒன்றின்மீது அதை வார்த்த மனிதர் எவ்வளவு பயபக்தியோடு கை வைத்திருக்கிறார்!

சில மாதங்களில் போய்விட்டாய். பதினாறாம் நாள் உன் மகள் அந்தப் பாத்திரத்தில் சாம்பிராணி போட்டாள். தமிழ் படிக்கத் தெரியாதவள், நீ தினமும் சொல்லும் போற்றியைப் போனில் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு வாசித்தாள். பாதி உச்சரிப்பு தப்பு. நடுவில் நிறுத்தி, "ஆன்ட்டி, சரியா சொல்றேனா?" என்றாள்.

"சொல்லும்மா" என்றேன்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சாமி நம்பிக்கை இல்லாத நான் எழுந்து நின்றேன். காரணம் கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. தட்டுத் தடுமாறித் தொடர்ந்த அந்தக் குரல் மட்டும் என் காதில் இருக்கிறது.