சப்பாத்தோடு வந்த பிள்ளைகள்

அதிபர் அலுவலகம்,
11.10.2024

திருமதி ஷஃபீனா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் மகள் றிஸ்மினா (பதினோராம் ஆண்டு, சிரேஷ்ட மாணவத் தலைவி) தொடர்பாக இதனை எழுதுகிறேன்.

நேற்று எமது பாடசாலையில் ‘தன்மதிப்பும் பொறுப்பும்’ வாரத்தின் இறுதி நிகழ்வு நடைபெற்றது. கொழும்பிலிருந்து வந்த கொடையாளிகள், முகாம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வழங்குவதாக ஏற்பாடு. புகைப்படத்துக்காகப் பிள்ளைகள் வெறுங்காலோடு மேடையேற வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு தங்கள் மகளுடையது. அவர் எல்லாப் பிள்ளைகளையும் சப்பாத்தோடேயே மேடைக்கு அனுப்பினார். அத்தோடு ஒலிவாங்கியை எடுத்து, “இவங்க எல்லார்ட்டயும் சப்பாத்து இருக்கு. இல்லாத பிள்ளைகளுக்குக் குடுங்க, நாங்களே கூட்டிட்டு வாறம்” என்றும் சொன்னார். விருந்தினர்கள் மனம் நொந்து, பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

றிஸ்மினா ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, தாங்கள் அதில் கையொப்பமிட்டு, வரும் வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் அவர் அதை வாசிக்க வேண்டும். தவறினால் மாணவத் தலைவிச் சின்னம் திரும்பப் பெறப்படும்.

இப்படிக்கு,
எம்.எஸ். அஸீஸா
அதிபர்

ஷஃபீ, மேலே இருப்பது அதிபர் எழுதியது. இது நான். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளைக்கு மூன்று வரி போதும் என்று சொல். மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை இருக்கிற நேரத்தில் இது பெரிதாக வேண்டாம்.

அஸீ

*

வாடி, கற்பிட்டி
13.10.2024

அன்பின் அஸீக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அதிபருக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அவவை எனக்குத் தெரியாது. அகதி முகாமில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தென்னோலைக் கிடுகுத் தட்டிதான் இருந்தது. அந்தப் பக்கம் இருந்தவளுக்கு எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கொண்டுவந்தது யார் தெரியுமா? குற்றவாளியேதான். வாடியில் காயப்போட்ட கட்டா மீன் கருவாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தேன். கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, ஓடாமல் ஒளியாமல், நான் வாசித்து முடிக்கும் வரை முன்னாலேயே நின்றாள். கையைக் கழுவிவிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். எனக்கும் கோபம்தான், உன்னை அவமானப்படுத்திவிட்டாளே என்று.

அவள் சொன்னதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை ஒரு பயிற்சியாளர் வந்து வகுப்புக்கு வகுப்பு கண்ணாடி மாட்டினாராம். ஒவ்வொரு பிள்ளையும் அதைப் பார்த்து “நான் மதிப்புக்குரியவள்” என்று சொல்ல வேண்டுமாம். சின்னதுகள் சிரித்ததாம், பெரியதுகள் வெட்கப்பட்டதாம். அடுத்த நாள் மாணவத் தலைவர்களைத் தனியாக வைத்து, உங்களுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லிக்கொடுத்தார்களாம். நல்ல விஷயம். நானும் சந்தோஷப்பட்டேன்.

வியாழக்கிழமை இவள் கையில் ஒரு சாக்கைக் கொடுத்து, எங்கள் பிள்ளைகளின் சப்பாத்தையெல்லாம் கழற்றி அதில் போட்டு மேடைக்குப் பின்னால் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் அக்கீலா என்று ஒரு துரும்புப் பிள்ளை இருக்கிறதே, எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு, அவள் கழற்ற மாட்டேன் என்று காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சப்பாத்து அவள் வாப்பா உப்பளத்தில் வேலை செய்த காசில் வாங்கியது. “றாத்தா, என்னட்டத்தான் சப்பாத்து இருக்கே, பொறகு ஏன் கழட்டணும்?” என்று கேட்டாளாம். றிஸ்மினாவுக்குப் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை. உனக்கு வந்தால் எழுது.

இன்னொன்று. டவுன் பக்கத்து றஸீனின் பிள்ளைகள் இரண்டும் அறுந்த இறப்பர் செருப்போடு வருகின்றன. அவர்களை யாரும் கூப்பிடவில்லையாம், ஏனென்றால் அவர்கள் முகாம் இல்லை. இந்த ஒக்டோபரோடு நாம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்து முப்பத்துநாலு வருஷம், அஸீ. அக்கீலாவின் உம்மாவே இங்கே பிறந்தவள். இன்னும் எத்தனை தலைமுறைக்கு நாங்கள் கை நீட்டிப் படம் பிடிக்க நிற்க வேண்டும்?

மூன்று வரி எழுதமாட்டாள். எழுதினாலும் நான் கையொப்பம் வைக்கமாட்டேன்.

நல்ல கட்டா கொஞ்சம் அனுப்புகிறேன். கோபத்தில் திருப்பி அனுப்பாதே, உனக்குப் பிடித்த சாமான்.

உன்
ஷஃபீனா

*

கற்பிட்டி
14.10.2024

ஷஃபீனாவுக்கு,

ஸலாம். கருவாடு கிடைத்தது. கடிதமும் கிடைத்தது. இரண்டிலும் உப்புக் கூடுதல்.

உன் மகள் நல்ல பிள்ளை. அவளைச் சிரேஷ்ட மாணவத் தலைவியாக்கியதே நான்தான். இப்போது நான் சொல்வதையும் கேள்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு மூன்று மலசலகூடம். அதில் ஒன்றுக்குத்தான் கதவு. அதுவும் வெளியே ஒருத்தி இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வயதுக்கு வந்த பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கூடமே வருவதில்லை. உன் மகளும் அப்படி வீட்டில் நின்றிருக்கிறாள், கேட்டுப் பார். வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனேன். இந்த மனிதர்கள்தான் வருகிற வருஷம் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள். சப்பாத்து அதற்கு முன்னோட்டம்.

இன்று காலை பேசினார்கள். இருபத்துநாலாம் தேதி மறுபடி வருகிறார்களாம். எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும், அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்க வேண்டும், அதன் பிறகுதான் கட்டடப் பேச்சு. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வேன்?

நாமும்தான் கழற்றினோம், ஷஃபீ. தந்ததை வாங்கினோம், சிரிக்கச் சொன்னால் சிரித்தோம். கால் தேய்ந்துபோனதா? அவர்கள் தந்த கொப்பியில் எழுதித்தான் நான் இன்று இந்தக் கதிரையில் இருக்கிறேன். நீ உன் வாடியில் நின்று மானம் பேசலாம். உனக்குப் பின்னால் அறுநூறு பிள்ளைகள் வரிசையில் நிற்கவில்லை.

வியாழக்கிழமை கடிதம் வர வேண்டும். வராவிட்டால் சின்னத்தைக் கழற்றத்தான் வேண்டிவரும். அப்போது நானும் உன்னிடம் வரமாட்டேன், நீயும் என்னிடம் வரமாட்டாய். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அஸீஸா

*

வாடி, கற்பிட்டி
16.10.2024

அன்பின் அஸீக்கு,

ஸலாம். மகளிடம் கேட்டேன். நின்றிருக்கிறாளாம். என்னிடம் தலைவலி என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் நீ சொன்னது எனக்குச் சுட்டது. இத்தனை நாள் தெரியாமல் இருந்த உம்மா நான்.

ஆனால் நாமும் கழற்றினோம் என்கிறாயே, நீ பாதியைத்தான் எழுதியிருக்கிறாய். மீதியை நான் எழுதுகிறேன். முகாமுக்கு வந்த புதிதில் நமக்குப் பின்னேரப் பள்ளிக்கூடம். படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று உன் உம்மா எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னி, சிவப்பு ரிபன் கட்டி அனுப்பினா. வந்த பெண் உன்னைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை அகதி மாதிரி இல்லையே என்று சொல்லி, தன் கையாலேயே பின்னலை அவிழ்த்து, தலையைக் கலைத்துவிட்டாள். படத்தில் நீ சிரித்தாய். பிறகு மஃரிபு தொழுகை நேரம் வரை தட்டிக்குப் பின்னால் அழுதாய். ரிபனை நான்தான் தேடி எடுத்துத் தந்தேன். அந்தப் படத்தால் உனக்குக் கதிரை கிடைத்தது என்று சொல்லாதே. கதிரை உன் படிப்பில் கிடைத்தது.

இப்போது என் முடிவு. றிஸ்மினா நாளை காலைக் கூட்டத்துக்கு முன்னால் உன் அறைக்கு வருவாள். சின்னத்தை அவளே கழற்றி உன் மேசையில் வைப்பாள். உன்னிடம் ஒரு சொல் கேட்காமல், விருந்தினருக்கு முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்ததற்கு மன்னிப்புக் கேட்பாள். அது அவள் செய்த பிழை, அதை அவளே ஒத்துக்கொள்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. பிள்ளைகளைச் சப்பாத்தோடு அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டாள். அது பிழை இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இதற்கு மேல் கூட்டத்தில் நிறுத்தி ஒரு வரி வாசிக்கச் சொன்னால், பரீட்சை வந்தாலும் சரி, அவளை உன் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன். முதலாம் ஆண்டில் கை பிடித்துக்கொண்டுவந்து விட்டவள் நான். அதே கையால் கூட்டிக்கொண்டு போவேன்.

இருபத்துநாலாம் தேதியும் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சப்பாத்தோடுதான் வருவார்கள். உம்மாமார் எல்லோரும் கதைத்து முடிவு எடுத்துவிட்டோம்.

கக்கூசு விஷயம். என் தம்பி இன்ஷாப் மேசன் வேலை செய்கிறான் என்று உனக்குத் தெரியும். கதவு மூன்றும் போட்டு, சுவரைத் திருத்தித் தர ஆட்கள் இருக்கிறார்கள். புதுக் கட்டடம் எங்களால் முடியாது. கதவு முடியும். நீ வலயத்துக்கு எழுதினாய், கொழும்புக்கு எழுதினாய், எங்களிடம் மட்டும் கேட்கவில்லை. எங்களைப் பார்த்தால் வாங்குகிற ஆட்களாகத்தான் உனக்கும் தெரிகிறதா?

கடைசி வரி கடுமையாகிவிட்டது. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

உன்
ஷஃபீனா

*

கற்பிட்டி
25.10.2024

என் ஷஃபீக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு கிழமைக்கு மேல் பதில் எழுதாமல் இருந்தேன். உன் கடைசி வரியை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டு, திறந்து திறந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

றிஸ்மினா சொன்ன மாதிரியே வந்தாள், சொன்ன மாதிரியே மன்னிப்புக் கேட்டாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. காலைக் கூட்டத்தில் நான் அவளைக் கூப்பிடவில்லை.

நேற்று அந்த மனிதர்கள் வந்தார்கள். கமரா வந்தது, பெட்டிகள் வந்தன. உங்கள் பிள்ளைகள் முன் வரிசையில் சப்பாத்து மினுங்க உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பாக வந்தவர் என்னிடம் சிரித்துக்கொண்டே, “மிஸ், இந்த முறை சொல்லி வைத்திருக்கிறீர்கள்தானே?” என்று கேட்டார். ஓம் என்றேன். மேடையில் ஏறினேன். என் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு அவர் முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினேன்.

“நானும் முகாம் பிள்ளைதான். வெறுங்கால் வேணுமெண்டா என்னைப் படம் எடுங்க. என்ட பிள்ளைகள் கழட்டமாட்டாங்க” என்றேன்.

அவர் வேண்டாம் மிஸ், வேண்டாம் மிஸ் என்று பின்னால் போனார். கமராக்காரப் பையன் என்ன நினைத்தானோ, ஒரு படம் எடுத்தான். அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் இதுவரை அந்தப் படத்தைக் காணவில்லை, காணவும் கிடைக்காது. பெட்டிகள் மறுபடி லொறி ஏறிவிட்டன. கட்டடம் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வலயத்திலிருந்து விளக்கம் கேட்டுப் பின்னேரமே அழைப்பு வந்துவிட்டது. கேட்கட்டும். இந்த முறை எழுத எனக்கு விஷயம் இருக்கிறது.

பின்னலைப் பற்றி எழுதியிருந்தாயே. அதை நான் மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்தால்தான் இந்த வேலையைச் செய்ய முடிந்தது.

நாளை சனிக்கிழமை. இன்ஷாப்பைக் கூட்டிக்கொண்டு வா. நானும் மண் சுமக்கிறேன். கதவுக்கு உள்பக்கம் நல்ல கொழுக்கியாகப் போடச் சொல். றஸீனின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து நான் வாங்கிவிட்டேன். யாருக்கும் சொல்லாதே, அவனிடமும் சொல்லாதே.

சின்னத்தை இன்று உன் மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. “உங்கள்ட்ட கேக்காம செஞ்சது பிழைதானே டீச்சர். இந்தத் தவணை முடியட்டும்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அச்சு அசல் நீதான். என் மேசையில்தான் கிடக்கிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும், அக்கீலாவின் கேள்விக்குப் பதில் வந்தால் எழுது என்று நீதான் கேட்டிருந்தாய். நேற்று எல்லோரும் போன பிறகு நான் மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அக்கீலா என் சப்பாத்து இரண்டையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள். “டீச்சர், உங்கள்ட்டயும் சப்பாத்து இருக்கே, பொறகு ஏன் கழட்டினீங்க?” என்று கேட்டாள்.

“பிழையாக் கழட்டிட்டன் மகள்” என்று சொல்லி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டுக்கொண்டேன்.

உன்
அஸீ