கண்ணாடித் தடுப்பை எடுக்காதீர்கள்

நம் ஜவஹரின் அப்பாவுக்கு,

ரசம் சுட வைத்துக்கொள்ளுங்கள். அப்பளம் டப்பாவில்.

சண்டை போடுகின்றன என்று பாவம் பார்த்து, நேற்று இரண்டு ஏஞ்சல் மீன் ஜோடிகளில் ஒன்றை வாளிக்கு மாற்றினீர்களே, எதிரி போனதும் தொட்டியில் இருந்த ஆண் தன் பெண்ணையே கடித்துத் துடுப்பைக் கிழித்துவிட்டது. வாளி ஜோடியைத் திரும்ப விட்டு, நடுவில் கண்ணாடி வைத்திருக்கிறேன். இப்போது தாங்கள் இட்ட முட்டைக்குக் காவலாக அந்த ஆணும் பெண்ணும் சேர்ந்து கண்ணாடியை முட்டுகின்றன.

“மீனுக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கில்ல” என்று சொன்னீர்களே, அதை நான் மறக்கவில்லை.

நந்தனம் பஸ் வந்துவிடும்.

பி.கு.: மாடியில் வீட்டுக்கார அம்மா சாயங்காலம் ஊரிலிருந்து வருகிறார்கள். அவர்கள் போன பிறகுதானே நாம் இப்படி அடித்துக்கொள்கிறோம்? அவர்களோடு வழக்கமாகச் சண்டை வரும் தண்ணீர் மோட்டார் விஷயத்தை நீங்கள் ஆரம்பியுங்கள். நான் வந்து சேர்ந்துகொள்கிறேன்.